முழு ஆட்டமும் உன்னுது

ஆட்டத்துக்குப் பணம் போட்ட பம்புக் கம்பெனி முந்தின நாள் கொடுத்த மதிய விருந்தில் வெண்டல் ஹாஸின் பெயர் ஒட்டுத்தாளில்தான் இருந்தது. மேடையில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலிக்கு முன்னால் நின்ற அட்டையில் பழைய தலைமைக் கோச்சின் பெயர் அச்சாகியிருந்தது. யாரோ கடைசி நேரத்தில் அதன்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, பேனாவால் 'ஹாஸ்' என்று எழுதியிருந்தார்கள். தாள் கொஞ்சம் சின்னது. அடியிலிருந்த பெயரின் முதல் எழுத்து ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

தட்டில் வறுத்த கெளுத்தி மீனும் சோளமாவு உருண்டையும் இருந்தன. கீழே நீள மேஜைகளில் இரண்டு கல்லூரிகளின் பையன்களும் தங்களுக்குக் கிடைத்த பரிசுப் பைகளைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி, தொப்பி, பம்பு வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து என்று எடுத்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தில் பருவம் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களில், பெரிய கல்லூரிகளுடையவை புத்தாண்டை ஒட்டி வரும். நாடே டிவி முன்னால் உட்காரும். ஃபோர்ட் டிரம்மண்ட் ஸ்டேட் போன்ற நடுத்தரக் கல்லூரிகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், ஷ்ரீவ்போர்ட் போன்ற ஊரில், வேலைநாள் மதியம் ஒன்றை ஒதுக்குவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாது. ஆனாலும் இந்தப் பையன்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஆடப்போகும் கடைசி ஆட்டம் அது. வெண்டல் பதினோரு வருடமாக அந்தக் கல்லூரியில் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தவர். கனத்த பையன்களைக் குனியவும் தள்ளவும் பழக்குகிற வேலை. தலைமை இடத்துக்கு அவர் ஆசைப்பட்டதே இல்லை. தலைமைக் கோச் டெக்ஸாஸில் ஒரு பெரிய கல்லூரிக்குத் தாவியபோது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நட்சத்திர குவார்ட்டர்பேக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். எஞ்சியிருந்த கோச்சுகளில் வயதில் மூத்தவர் என்று இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் வெண்டலை உட்காரவைத்தார்கள்.

அவர் முதலில் செய்த காரியம் லைல் டிப்பிட்ஸின் வீட்டுக்குப் போனதுதான். லைல் மாற்று குவார்ட்டர்பேக். கல்லூரியில் அவனுக்கு இது ஐந்தாவது வருடம். அத்தனை வருடமும் கோட்டுக்கு வெளியே தொப்பியோடு நின்று, உள்ளே ஆடுபவனுக்குக் கையால் சைகை காட்டியவன். ஆட்டம் கை மீறிப் போனபிறகு எப்போதாவது கடைசி சில நிமிடங்களுக்கு இறக்குவார்கள். வெண்டல் போனபோது அவன் வாடகை வீட்டு வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தான்.

"முழு ஆட்டமும் உன்னுதுடா," என்றார் வெண்டல். "மொத பந்துலேர்ந்து கடைசி பந்து வரைக்கும். நல்லா ஆடினாலும் சரி, சொதப்பினாலும் சரி."

லைல் மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு நின்றான். "விளையாடுறீங்களா கோச்?"

"நான் எப்பவாவது விளையாடிப் பாத்திருக்கியா?"

அவன் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கத்தல் வெண்டலின் காதுவரை கேட்டது.

விருந்து முடிந்து காப்பி ஊற்றிக்கொண்டு நின்றவரிடம் ஹால்வர்சன் வந்தான். அடுத்த வருடத்துக்கு நியமிக்கப்பட்டிருந்த புதுத் தலைமைக் கோச். முப்பத்தாறு வயது, வெண்டலின் மகளைவிடச் சின்னவன். கை குலுக்கும்போது மற்ற கையால் முழங்கையையும் சேர்த்துப் பிடிக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது.

"உங்க வீட்டம்மாவப் பத்திக் கேள்விப்பட்டேன் கோச். எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

மார்லீனுக்கு நரம்பு வியாதி. நான்கு வருடமாக அவளை நடமாட வைத்திருந்தது மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஒரு மருந்து. அந்த மருந்தைக் கொடுத்தது கல்லூரியின் இன்ஷூரன்ஸ். பழைய ஆட்களின் ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருநாள் அவள் மட்டும், பாத்திரத்தைத் துடைத்தபடி, "அந்த மருந்து இல்லாமயும் ஆளுங்க இருக்கத்தான் செய்யறாங்க வெண்டல்," என்று சொல்லியிருந்தாள்.

"முன்வரிசைக்கு இன்னும் ஆள முடிவு பண்ணல," என்றான் ஹால்வர்சன், காப்பியை ஊதிக்கொண்டே. "நாளைக்கு மேல கண்ணாடி ரூம்ல உக்காந்து ஆட்டத்தப் பாக்கப்போறேன். நாம எல்லாரும் அடுத்த வருஷத்தப் பத்தித்தான யோசிக்கணும்."

வெண்டல் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. ஸ்டேடியத்தில் முக்கால்வாசி இருக்கை காலி. எதிரணி பைனிவுட் ஸ்டேட், பக்கத்து மாநிலம். அவர்களுடைய பேண்டு வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். ஃபோர்ட் டிரம்மண்ட் பக்கம் மழைக்கோட்டுப் போட்ட சில குடும்பங்கள் மட்டும் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில் லைலின் அம்மா ரோண்டா, மகனின் சட்டை எண்ணைக் கன்னத்தில் வரைந்துகொண்டு நின்றாள். முதியோர் இல்லத்தில் வேலை. ஒஹாயோவிலிருந்து தம்பியின் வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்தாள்.

லைல் அற்புதமாக ஆடினான் என்று சொல்ல முடியாது. அவனுடைய எறி வேகம் குறைவு. பந்து காற்றில் தள்ளாடிக்கொண்டேதான் போகும். ஆனால் அவனுக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. எதிராளி எங்கிருந்து பாய்வான் என்று முன்னாடியே பார்த்து, அவன் வந்து சேர்வதற்குள் சின்னச் சின்னதாகப் பந்தைக் கொடுத்துவிட்டான். அப்படியே நகர்ந்து நகர்ந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன். பிறகு மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், யாரும் எதிர்பாராமல், தன் வலுவையெல்லாம் கூட்டி நீளமாக ஓர் எறி. பந்து தள்ளாடியபடியே போய் ஓடிக்கொண்டிருந்தவனின் கையில் விழுந்தது. இரண்டாவது டச்டவுன். முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்டாசக் என்ற மலைபோன்ற பையன் லைலைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிச் சுற்றினான். ரோண்டா தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். பாதி ஆட்டம் முடிந்தபோது அவர்கள் பதினான்குக்குப் பத்து என்று முன்னிலையில் இருந்தார்கள். ஓய்வறையை நோக்கி நடக்கும்போது வெண்டலுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது.

நடைவழியில், குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் ஹால்வர்சன் நின்றுகொண்டிருந்தான். ஷூவில்கூடச் சேறு இல்லை.

"நல்லாப் புடிச்சு வெச்சிருக்கீங்க கோச். நிஜமாச் சொல்றேன்."

"பசங்க ஆடறாங்க."

"அந்த முதல் வருஷ குவார்ட்டர்பேக், டமாரியஸ். அடுத்த பாதியில அவனப் பாக்கணும்னு ஆசையா இருக்கு." ஹால்வர்சன் சிரித்தான். "நான் சொல்லக்கூடாது. இன்னிக்கு டீம் உங்களோடது. ஆசைன்னுதான் சொல்றேன்."

"லைல் நல்லா ஆடிட்டிருக்கான்."

"யாரு இல்லேன்னா? ஆனா லைல் நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவான் கோச். நீங்களும் நானும்தான் இங்க இருக்கணும்."

*நீங்களும் நானும்.* ஓய்வறைக் கதவின் கைப்பிடியைத் தொடும்வரை அந்த இரண்டு வார்த்தையைத்தான் வெண்டல் சுமந்துகொண்டு போனார். வீட்டில் மார்லீன் சோபாவில் கால்மேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னும் ஒரு வருடம். ஒரு வருடம் கிடைத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லைலுக்கு இருபத்து மூன்று வயதுதான்; தாங்கிக்கொள்வான். இப்படியெல்லாம் நினைத்தபடியே, இது முடிவெடுப்பதற்கு முன் வருகிற யோசனை இல்லை, முடிவெடுத்தபின் வருகிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

லைல் பெஞ்சில் உட்கார்ந்து காகிதக் கோப்பையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சேறு, அதற்குள் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"லைல். அடுத்த பாதிக்கு டமாரியஸ் போறான்."

"சரி கோச். எப்ப உள்ள வரணும் நான்?"

"பாதி முழுக்க அவன்தான்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

"அவனப் பாக்கணும்னு நெனைக்கறாங்க."

"யாரு?" லைல் ஒரு கணம் கூரையைப் பார்த்தான், அதற்கும் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் தெரிவதுபோல. பிறகு கண்ணைக் கீழே இறக்கிக் கேட்டான்: "நீங்க என்ன சொன்னீங்க கோச்? அவங்க கேட்டப்ப?"

ஸ்டாசக் எழுந்து நின்றான். அவனைப் பதினெட்டு வயதில் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் வெண்டல். ஞாயிற்றுக்கிழமைகளில் மார்லீன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"இது என்ன கோச், அசிங்கமா இருக்கு."

"உக்காருடா."

"இல்ல, கேக்கறேன். ஜெயிச்சிட்டிருக்கோம்ல?"

"உக்காருன்னேன்."

அவன் உட்கார்ந்தான். மூலையில் டமாரியஸ் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தான். அவன் கேட்டு வாங்கியதல்ல இது.

டமாரியஸ் மான்போல் ஓடுகிறவன். இறங்கிய சிறிது நேரத்தில் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு பாதி மைதானத்தை ஓடிக் கடந்தான். கண்ணாடி அறையில் நிச்சயம் யாரோ யாருடைய தோளையோ தட்டியிருப்பார்கள். அடுத்ததில் பந்தை நேராக எதிராளியின் கையில் எறிந்தான். அதற்கடுத்த முறை வழுக்கி விழுந்து பந்தைத் தவறவிட்டான். பதினெட்டு வயது, மழையில் ஈரப் பந்தைப் பிடிக்கக்கூட யாரும் இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. லைல் பெஞ்சின் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஐந்து வருடமாகக் காட்டிவந்த சைகையைக் காட்ட அவன் எழவில்லை. யாரும் எழச் சொல்லவுமில்லை.

"கோச்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரோண்டா தடுப்புக் கம்பியின்மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டேடியம் அவ்வளவு காலியாக இருந்ததால் கத்தவே தேவைப்படவில்லை. "கோச்! என் புள்ளைக்கு எங்க அடிபட்டுச்சு?"

வெண்டல் திரும்பிப் பார்த்தார். "அடி எதுவும் இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. காலா? தோளா? அவன் சொல்லமாட்டான், எனக்குத் தெரியும் அவன."

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கான்."

அவள் மகனைப் பார்த்தாள், ஸ்கோர் பலகையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். மழையில் கன்னத்திலிருந்த எண் கரைந்து தாடைவரை வழிந்திருந்தது. "நல்லாத்தான் இருக்கானா? அப்ப எதுக்கு உக்காந்திருக்கான்?"

அவர் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிபட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் அவள் ஊருக்குக் கொண்டுபோகக்கூடிய பதிலாக இருந்திருக்கும். அதைக்கூடக் கொடுக்கவில்லையே என்று தோன்றியபோது, பின்னால் அவளுடைய தம்பி "வா ரோண்டா, உக்காரு வா," என்று சொல்வது கேட்டது.

முப்பத்தொன்றுக்குப் பதினான்கு என்று தோற்றார்கள். வெற்றி பெற்றவர்களுக்காக வெடித்த வண்ணக் காகிதம் பறக்காமல் பொத்தென்று நனைந்து தரையில் ஒட்டியது. எதிரணிக் கோச்சிடம் கை கொடுத்துவிட்டு நடைவழிக்குள் நுழைந்தபோது ஹால்வர்சன் எதிரே வந்து முழங்கையைப் பிடித்தான்.

"பையன் என்னமா ஓடறான் பாத்தீங்களா! ரொம்ப நன்றி கோச். வேற யாராவது இருந்தா வீம்பு பிடிச்சிருப்பாங்க."

"முன்வரிசை இடம்..." என்று ஆரம்பித்தார் வெண்டல். தன் குரல் இவ்வளவு மெலிந்து ஒலித்து அவர் கேட்டதில்லை.

"ஓ, அதுவா." ஹால்வர்சன் பிடியை விட்டான். "ஐயோவாவுலேர்ந்து என் பழைய கூட்டாளி ஒருத்தர். போன வாரமே பேசி முடிச்சாச்சு. நேத்து விருந்துல வெச்சு எப்படிச் சொல்றதுன்னுதான்... உங்களுக்கு எங்க வேணும்னாலும் நல்ல வார்த்தை சொல்றேன் கோச். யாரு கேட்டாலும். வீட்டம்மாவுக்கும் என் பிரார்த்தனை."

அவன் போனபிறகும் வெண்டல் கொஞ்சநேரம் சுவரில் கை வைத்து நின்றார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவன் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. முடிவு பண்ணவில்லை என்றதையும் 'நீங்களும் நானும்' என்றதையும் தவிர மீதி எல்லாம் வெண்டல் தானே நினைத்துக்கொண்டது.

ஓய்வறையில் பையன்கள் வேகமாக உடை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். சிலர் கடந்துபோகும்போது அவர் தோளைத் தொட்டார்கள். ஸ்டாசக் அவரைச் சுற்றிக்கொண்டு போனான். வழக்கமாக எல்லாரும் போனபின் கடைசியாகப் போகிறவன், குளிக்காமலே போனான். டமாரியஸ் மட்டும் வாசலில் நின்று, "ஸாரி கோச்," என்றான். "உன்மேல ஒண்ணும் இல்ல, போ," என்றார் அவர்.

லைல் இன்னும் உட்கார்ந்திருந்தான். தோள்கவசம், சட்டை, ஷூ எதையும் கழற்றவில்லை. முதல் பாதியின் சேறு மழையில் கரைந்து, முழங்கைப் பக்கம் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. சாமான்களைச் சேகரிக்கிறவர் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வெண்டல் அவனருகே போனார். மார்லீனைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் அவன் சரி என்றுவிடுவான், அவன் அப்படிப்பட்டவன். அதனாலேயே சொல்லக்கூடாது. அவர் மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவன் எதிரே ஈரத் தரையில் மண்டியிட்டார். முட்டி இரண்டும் வலித்தன. அவனுடைய வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, கணுக்கால் பிசகாமலிருக்கச் சுற்றியிருந்த ஒட்டுப் பட்டையின் அடியில் கத்தரியின் மழுங்கிய முனையை விட்டு மெதுவாக வெட்டினார். நனைந்த பட்டை ஓடுபோல் இரண்டாகப் பிரிந்து வந்தது. உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

லைல் குனிந்து பார்க்கவில்லை. வெளியே பஸ்களை இயக்கிவிட்டிருந்தார்கள். தரை லேசாக அதிர்ந்தது. வெண்டல் பட்டையை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த காலுக்காகக் கையை நீட்டினார். அந்தக் கால் நகரவில்லை. நீட்டிய கையை மடக்காமல், கத்தரிக்கோலோடு, அவர் அப்படியே மண்டியிட்டிருந்தார்.