ஈரவிரல்

சில்வெஸ்ரரின் வெல்டிங்கில் வெடிப்பு என்று நான் எழுதிக் கொடுக்கப் போனேன். இது அவனுக்கு மூன்றாவது பிழை. நியூசிலாந்தில், எங்கள் ஒடாஹுஹு பட்டறையில் மூன்று பிழை விட்டால் வேலை போய்விடும். வேலை போனால் விசாவும் போய்விடும். அவன் மனைவி அஞ்சலினா ஊரிலிருந்து இங்கே வந்து நான்கு மாதம்தான்.

வெல்டர்கள் ஒட்டியதைச் சோதிப்பது என் வேலை. கருவியை இரும்பில் வைத்தால் காதுக்குக் கேட்காத ஒலி சரிவாக உள்ளே இறங்கும். வெடிப்பு இருந்தால் அதில் பட்டுத் திரும்பி, திரையில் கோடாக எழும்பும்.

அவனும் நானும் மன்னார். அதுதான் வில்லங்கம். அவன் சேர்ந்த புதிதில், ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஊராளெண்டா சோதனையில பாஸ்தானே, அன்ரனீற்றா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நான் ஏன் அவல் கொடுக்க வேண்டும்? அன்றிலிருந்து அவன் வேலையில் கோடு எழும்பினால் போதும், மறுபேச்சில்லாமல் பிழை போட்டேன்.

இன்றைக்குத்தான் அவன் வாய் திறந்தான்.

"அக்கா, விரல் வச்சுப் பாத்தனீங்களோ?"

"எனக்கு வேலை படிப்பிக்கிறியோ?"

"இல்லையக்கா. மற்றாக்களுக்கு வைக்கிறனீங்கள். அதுதான் கேட்டனான்."

நல்ல இரும்புக்குள்ளும் ஒலி முழுதாகப் போய், வெல்டிங்கின் மேல்மேட்டில் பட்டுத் திரும்புவது உண்டு. அதுவும் வெடிப்புப் போலவே கோடு காட்டும். மேட்டை ஈரவிரலால் அமத்தினால் அந்தக் கோடு படுக்கும். உள்ளே இருக்கும் வெடிப்பென்றால் அசையாது. இதை எல்லோருக்கும் செய்வேன், இவனைத் தவிர.

கருவிக்குப் பூசும் ஜெல்லில் விரலைத் தோய்த்து அமத்தினேன். கோடு படுத்தது. எடுத்தேன், எழும்பியது. உள்ளே ஒரு மயிரிழை வெடிப்பும் இல்லை.

வெட்கத்தில் முகம் சுட்டது. தாளில் எழுதியதை வெட்டினேன். அவன் சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். அவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"முதல் ரெண்டுக்கும் வச்சனீங்களோ, அக்கா?"

அந்த இரண்டையும் அறுத்து, அவனையே கொண்டு திரும்ப ஒட்டுவித்தாயிற்று. இனி எதில் ஒலி விட்டுப் பார்ப்பது?

"இல்லை," என்றேன்.

மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு, என் பிழையைச் சொல்ல, பட்டறையை மேற்பார்க்கும் போமனின் அறைக்குப் போனேன்.