நடுத்தண்ணீருக்கு ஒரு ஸ்டிக்கர்

இருநூற்றுப் பதினான்கு டாலர் முப்பத்தைந்து சென்ட், அதுவும் வெர்லின் வைத்த கடன் இல்லை, முகம் தெரியாத எவனோ ஒருவன் இந்த ஹிக்கரி ஏரியில் மனை வாங்கிப் போட்டான், மனைக்காரர் சங்கத்துக்குச் சந்தா கட்டாமல் விட்டான், கடைசியில் மனையையே விட்டுவிட்டுப் போய்விட்டான், அது அரசாங்க ஏலத்துக்கு வந்தபோது வெர்லின் எடுத்தார், ஆடு நின்றாலும் உருண்டுவிடுகிற சரிவு, வீடு கட்ட முடியாது என்று தெரிந்தேதான் எடுத்தார், வீடு யாருக்கு வேண்டும், இங்கே ஒரு பிடி மண் இருந்தால்தான் தண்ணீரில் படகு விடலாம், அதற்காக எடுத்தது... ஏலத்தோடு பழசெல்லாம் கழிந்தது என்று நினைத்தார், இல்லையாம், பாக்கி ஆளோடு போகாதாம், மண்ணோடு வருமாம். அவன் சந்தாவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்து மூச்சு விட்டால், நேற்றுக் கடிதம் வருகிறது, அந்தச் சந்தாவுக்குத் தாமதக் கட்டணம் இந்த இருநூற்றுச் சொச்சம் என்று, பாக்கி இருந்தால் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் ஸ்டிக்கர் இல்லை, ஸ்டிக்கர் ஒட்டாத படகைத் தண்ணீரில் இறக்கவே விடமாட்டார்கள்.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. சங்கக் கட்டடத்துக்குள் காபி வாசனையும் ஈரச் செருப்பு வாசனையும். கண்ணாடிச் சன்னல் வழியாக வெளியே பார்த்தார், அவருடைய பிக்கப் வண்டி, அதன் பின்னால் டிரெய்லர், டிரெய்லர்மேல் அலுமினியப் படகு, படகுக்குள் மனைவி ரோவீனா. தரையில் நிற்கிற படகில் ஆரஞ்சு உயிர்காப்புச் சட்டையை மாட்டி வார்கள் எல்லாம் இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், போகிற வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், அவள் பதிலுக்குக் கையாட்டுகிறாள். இறங்கி நில் என்றால் கேட்டாளா, "ஏறுறதுக்கே உயிர் போச்சு, இனிமே தண்ணியில மிதந்தாத்தான் இறங்குவேன்" என்றாள். இடுப்பு எலும்பு தேய்ந்துபோயிருக்கிறது, செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை, அதற்கப்புறம் இந்தக் கோடை முழுக்கப் படகில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த கோடை... அடுத்த கோடையை யார் கண்டது. இந்த ஏரிக்கரை வீடுகளில் எத்தனை வருடம் தரை துடைத்தாள், எத்தனை கண்ணாடிக் கதவுகளை மினுக்கினாள், எல்லாக் கதவுக்கும் அந்தப் பக்கம் தண்ணீர், துடைக்கிற கையோடு சரி. நடுவில் நின்று பார்த்தால் கரை எப்படி இருக்கும் வெர்லின், என்று ஒரு நாள் கேட்டாள், அவ்வளவுதான் கேட்டாள். காலையில் சோதனைக்கு வந்த ஆள் படகின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தான், வேறு ஏரியிலிருந்து சிப்பிப் பூச்சி எதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது, ஒரு சொட்டு ஈரமும் கூடாது, "என்ன அம்மா இது, இதுல சாப்பாடே போட்டுத் திங்கலாம் போலிருக்கே" என்றான், "போட்டா கரண்டியையும் கழுவி வச்சிட்டுப் போ" என்றாள் ரோவீனா.

சட்டைப் பையில் உறை இருந்தது. ஆஸ்பத்திரியில் முன்பணமாகக் கட்ட வேண்டிய பணம், செவ்வாய்க்கிழமை காலை அது அந்த மேசையில் இருந்தாக வேண்டும், அதிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டால் ஸ்டிக்கர் உண்டு, ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது... வாரம் ஒன்று தள்ளிப் போடுவார்களா, மாதம் ஒன்றா, அதுவரை அந்த வலியோடு அவள். கட்டாவிட்டால் அவளைப் படகிலிருந்து இறக்க வேண்டும், இறக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "கேட்டுப் பாரேன்" என்றாள் வழியெல்லாம், "அந்தக் கட்டணத்தை விட்டுக் குடுங்கன்னு கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" அவளுக்கு எளிது. வெர்லின் கேட்கிற ஜாதி இல்லை. அப்பாவும் கேட்டதில்லை, கேட்பவன் கையேந்துகிறவன் என்பார், சொல்லிச் சொல்லியே செத்தார். வெர்லின் எழுத்துக்கூட்டக் கற்றதே ஐம்பத்தெட்டு வயதில்தான், அதுவரை ரசீது நீட்டினால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார், இதைப் படித்துச் சொல்லுங்கள் என்று ஒரு வாய் கேட்டிருந்தால் ஆயிற்று, கேட்கவில்லை, இல்லாத கண்ணாடியை நாற்பது வருடம் மறந்துகொண்டே இருந்தார். இப்போது சங்கத்தின் விதிப்புத்தகத்தைச் சமையலறையில் உட்கார்ந்து அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார், படகெல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்ற வேண்டும், சூரியன் விழுந்தபின் அலை எழுப்பாமல் ஊர வேண்டும், நீந்துகிறவனுக்குத் தள்ளிப் போக வேண்டும்... படித்ததெல்லாம் சரி, படகு?

சங்கத்து மேசையில் கணக்குப் பார்க்கிற ட்வைலாவிடம் அவருக்கு முன்னால் நின்ற ஆளின் முறை வந்தது. பல் மருத்துவர் ஸ்டோல்ட்ஸ், பின்கழுத்தைப் பார்த்தே வெர்லினுக்குத் தெரியும், அவருடைய கரைச்சுவரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கட்டியது வெர்லின்தான், மார்ச் மாதத் தண்ணீர், கால் மரத்துப்போய் வீட்டில் பூட்ஸைக் கழற்ற ரோவீனா வேண்டியிருந்தது. கல் ஒரு லாரி கூடுதலாக இறங்கியது, அதற்குப் பணம் அவர் தரவில்லை, வெர்லினும் கேட்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் அவர் என்னவோ அன்பாகத்தான் கையாட்டுகிறார், ஒருவேளை தெரியவே தெரியாதோ அவருக்கு.

"ட்வைலா, எனக்கு ஏதோ அபராதம் போட்டிருக்காங்களாமே."

"போடாம? இருட்டுனப்புறம் ஏரியக் கடலாக்கிட்டீங்களாம் டாக்டர், ஒருத்தர் வீட்டு வாத்தெல்லாம் வாசலுக்கு வந்துடுச்சாம்."

"வாத்துக்கு என்ன நடக்கத் தெரியாதா? அந்த அபராதத்தை அடிச்சு விட்டுடு ட்வைலா, முதல் தடவைதானே."

"இப்படியே ஆளாளுக்குக் கேளுங்க" என்று அலுத்துக்கொண்டே ட்வைலா கணினி விசையைத் தட்டினாள், தட்டிவிட்டாள், அபராதம் போயிற்று. உப்பை எடு என்பதுபோலக் கேட்டார், எடுத்துக் கொடுத்ததுபோல அவள் கொடுத்தாள். ஸ்டோல்ட்ஸ் திரும்பி, "அட வெர்லின்! உன் சுவர் மலை மாதிரி நிக்குதுப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். கோபம்தான் முதலில் வந்தது, காது சூடாகிற கோபம், அப்புறம் அது எங்கே போனது என்று தெரியவில்லை, அந்த இடத்தில் ஓர் ஆச்சரியம் மட்டும் நின்றது... இவ்வளவுதானா? இப்படித்தானா கேட்பார்கள்?

"வெர்லின், கண்ணு, என்ன மரம் மாதிரி நிக்கிற, வா." ட்வைலா திரையைப் பார்த்தாள். "உனக்கு ஒரு தாமதக் கட்டணம் நிக்குதே." அவர் கை உறையைத் தொட்டது, வாய் அதற்குள் திறந்துவிட்டது, தன் குரலை யாருடையதோ போலக் கேட்டார், "அது நான் வச்ச பாக்கி இல்ல ட்வைலா... அதை விட்டுக் குடுக்க முடியுமா?" பின்னால் யாரோ இருமினார்கள். "ரோவீனா வெளிய படகுல உக்காந்திருக்கா" என்றும் சொன்னார், அதை ஏன் சொன்னோம் என்று தெரியாமலே.

ட்வைலா எட்டிச் சன்னலைப் பார்த்தாள். "அடக் கடவுளே, உயிர்காப்புச் சட்டையும் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கா?" பிறகு அவரைப் பார்த்தாள். "கடிதத்துக்குக் கீழயே போட்டிருந்துச்சே, புது மனைக்காரங்க கேட்டா ஒரு தடவை தள்ளுபடின்னு. கேக்கணும்ல? கேக்காம நானா எப்படிக் கண்ணு கழிக்கிறது? இரு, பொருளாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்." உள்ளறைக்குப் போனாள்.

கடிதத்தின் கீழே... தொகையைப் பார்த்ததும் மடித்துவிட்டார், கீழே படிக்கவே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடியாது என்று தன்னிடம் இதுவரை சொன்னவர்கள் யார் யார், நினைத்துப் பார்த்தார், கூலியைக் குறைத்தவன், கல்லுக்குக் காசு தராதவர், சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற ஓர் ஆசிரியை, இல்லை, அவளும் சொல்லவில்லை, வெர்லின்தான் திரும்பி நடந்தார்... அறுபத்திரண்டு வருடம், ஒரு முகமாவது வர வேண்டாமா, முடியாது என்று வாயைத் திறந்து சொன்ன ஒரே ஒரு முகம், அப்படியென்றால் இத்தனை நாளும் யார்தான் சொன்னது... உள்ளேயிருந்து ட்வைலா வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விசையைத் தட்டினாள், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள், வெர்லின் குனிந்து, அவசரப்படாமல், கடைசி வரி வரைக்கும் படித்தார், பாக்கி என்ற சொல்லுக்கு நேரே ஒரு பூஜ்யம் இருந்தது.