இன்னும் செல்லுபடியாகவில்லை

என் கையெழுத்து இல்லாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு படமும் வெளியே போகாது. கட்டடத்தின் எந்தத் தூணில் எத்தனை கம்பி, எந்தப் படிக்கு எவ்வளவு கனம் என்று வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். அப்பா தொடங்கியது. நான் நடத்துகிறேன். வரைவதும் கணினியும் மகன் பொறுப்பு. எங்கள் படத்தில் பிழை என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. மகனுக்குப் பெண் கேட்டுப் போனபோது சம்பந்தியிடம் நான் முதலில் சொன்னதே அதைத்தான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது.

அன்றைக்கு ஒரு மருத்துவமனையின் படிக்கட்டுப் படம் போயாக வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் அளவை மாற்றிவிட்டார்கள். கட்டுமானக் கம்பெனியில் கம்பி வெட்டுகிறவர்கள் புதுப் படத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கம்பெனி இப்போதெல்லாம் படங்களை மின்னஞ்சலில் வாங்குவதில்லை. ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரலை அனுப்புகிறார்கள். அதை நம் கணினியில் ஓட்டினால் அதுவே படங்களை எடுத்துக்கொண்டுபோய் அவர்களுடைய சர்வரில் சேர்த்துவிடும்.

மகன் காலையிலேயே வேறொரு வேலையிடத்துக்குக் கிளம்பினான். "அப்பா, நான் வந்து என் லேப்டாப்புலேர்ந்து அனுப்பிடறேன். நீங்க எதையும் தொடாதீங்க" என்றான்.

என் அலுவலகத்தில் எதையும் தொடாதே என்று என்னிடமே சொல்கிறான். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

முன்னறைக் கணினியில் ஸ்கிரிப்டை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, படம் வரையும் பெரிய கணினிக்குக் கொண்டுபோனேன். வைரஸ் வந்துவிடும் என்று அதில் அவன் இணையமே வைத்துக்கொள்வதில்லை. நான் இணைய வயரைச் சொருகி, குறிப்பில் இருந்தபடி கட்டளையைத் தட்டினேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி, சிவப்பில் நீளமான ஒரு வரியோடு நின்றன. பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்றது. அந்த வரி அதற்குமேலும் நீண்டது. நான் அவ்வளவுதான் படித்தேன்.

சான்றிதழ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 'நான் இன்னார்தான்' என்று எதிரே இருக்கும் சர்வர் காட்டும் அடையாள அட்டை அது. அட்டை செல்லாது என்றால் குற்றம் யார் பேரில்? கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல்.

"உங்க சான்றிதழ் போலியா இருக்கும்மா. எங்க கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது" என்றேன்.

"ஒரு நிமிஷம் சார். உங்க கம்ப்யூட்டர்ல தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. மணியும் சரியாக இருந்தது.

"எனக்குத் தேதி பார்க்கக் கத்துக்குடுக்கறியா நீ?"

"அப்படி இல்ல சார், கம்ப்யூட்டரோட மூலைல..."

"உன் வயசைவிட என் அனுபவம் ஜாஸ்தி. ஓட்டைச் சர்வரை வச்சுக்கிட்டு எங்களைக் குத்தம் சொல்றியா? உன் பேச்சை நிறுத்து. உன் மேலதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசியும் விட்டேன். அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் எனக்கு நெடுநாள் பழக்கம். பரம்பரை மரியாதை உள்ள அலுவலகத்தை ஒரு சின்னப் பெண் அவமதித்துவிட்டாள் என்றேன். அவர் பதறினார். "அவ புதுசு சார். வேலைக்கே இன்னும் உறுதி பண்ணல. இன்னைக்கே விளக்கம் எழுதி வாங்கிடறேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும்போல் இருந்தது. அலுவலகத்துக்கு மேலேதான் வீடு. மாடியிலிருந்த மருமகளைக் கூப்பிட்டேன்.

அவள் வேறொரு கம்பெனியில் நிரல் எழுதுகிறாள், வீட்டிலிருந்தபடியே. இறங்கி வந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். சிவப்பு வரியைக் கடைசி வரைக்கும் படித்தாள்.

"மாமா, இதை முன்னறைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கலாமே."

"ஏன்? இதுக்கு என்ன குறைச்சல்? அவங்க தப்பை நீயே உன் கண்ணால பாரு."

"இல்ல மாமா, சும்மா ஒரு தடவை அங்க..."

"இங்கயே பாரும்மா."

எங்கள் மானம் தப்பிக்க அவள் ஒரு வழி காட்டினாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சுட்டியைத் திரையின் அடியில் கொண்டுபோனாள். ஒளிந்திருந்த பட்டை மேலே எழுந்தது. அதன் மூலையில் தேதி. நாளும் மாதமும் சரி. வருடம் இரண்டு வருடத்துக்கு முந்தியது.

"கடைசில என்ன எழுதியிருக்கு தெரியுமா மாமா? சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகலையாம். அவங்க இந்த வருஷம்தான் வாங்கியிருக்காங்க. இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் அந்த வருஷத்துக்கே வரல." சிரிக்கப் பார்த்தாள். "இதும்படி எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

நான் சிரிக்கவில்லை. "பேட்டரி போயிருக்கும்" என்றேன்.

"இருக்கலாம் மாமா" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பேட்டரி போன கணினியில் நாளும் மாதமும் இவ்வளவு சரியாக இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். நேரம் தானாகத் திருந்தும் வசதியை யாரோ அணைத்து வைத்திருந்ததையும் அவள் பார்த்திருந்தாள். எனக்கும் பாதி தெரிந்துவிட்டது. மீதியைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் நின்றேன்.

அந்த நேரத்தில் மகன் வந்தான். வயர் சொருகியிருப்பதையும் மனைவி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேனேப்பா."

"தேதியை யாருடா மாத்தினது? சர்வர் பழுதுன்னு அவங்களைத் திட்டிட்டேனேடா."

"வரையற சாஃப்ட்வேரோட உரிமம் முடிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் புதுப்பிக்கணும். தேதியைப் பின்னாடி தள்ளினா அது முடியலைன்னு நெனச்சுக்கிட்டு ஓடும்."

"படத்து மூலைல தேதி சரியாத்தானே வருது?"

"அதை நான் கையால அடிக்கறேன்."

அந்தத் தேதிக்குப் பக்கத்தில்தான் என் கையெழுத்து. எத்தனை படங்கள்!

"கணக்குல பொய் இல்லப்பா" என்றான் அவன். "ஒரு கம்பி கூடக் குறையல. தேதி மட்டும்தான்."

"திருட்டுல பாதி திருட்டு, முழுத் திருட்டுன்னு இருக்காடா?"

மருமகளை அவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் சுவரையும் மேசையையும் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்கு வந்த பெண் எதிரே எங்கள் வண்டவாளம் இப்படித் தண்டவாளம் ஏறும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"சரி, இப்ப படம் போகணும்" என்றான் மகன். "ஸ்கிரிப்ட்ல ஒரு வரி மாத்தினா சான்றிதழையே பார்க்காம அனுப்பிடும்."

"வேண்டாம்" என்றாள் அவள். "வந்தது யாருன்னு பார்க்காம வீட்டுச் சாவியைக் கொடுக்கற மாதிரி அது. தேதியைச் சரி பண்ணினாலே போதும்."

என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தேதியை இன்றைக்கு நகர்த்தினாள். ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். இந்த முறை சிவப்பு வரவில்லை. படிக்கட்டுப் படங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதே சமயம், பின்னால் திறந்து கிடந்த வரையும் சாஃப்ட்வேர், உரிமம் முடிந்துவிட்டது என்று ஒரு பெட்டியைக் காட்டி மூடிக்கொண்டது.

மகன் சுட்டியை வாங்கக் கை நீட்டினான். "அதான் போயாச்சே. தேதியைப் பழையபடி வச்சிடறேன். அவங்ககிட்ட சர்வர் தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெளியே யாருக்கும் தெரியாது. மருமகள் சொல்லமாட்டாள், சொல்கிற ஜாதி இல்லை அவள்.

"மாமா," என்றாள் அவள் மெதுவாக, "அந்தப் பொண்ணுகிட்ட எழுதி வாங்கறேன்னாங்களே?"

"ஆமாம்."

"நானும் முதல்ல அந்த மாதிரி சீட்லதான் உட்கார்ந்தேன். உறுதி பண்றதுக்கு முன்னாடி ஒரு புகார் வந்தா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மாடிக்குப் போகவும் இல்லை.

"சுட்டிலேர்ந்து கையை எடு" என்றேன் மகனிடம். போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். கதவைச் சாத்தலாமா என்று நினைத்தேன். சாத்தவில்லை.

தலைமைப் பொறியாளரிடம் சொன்னேன். தவறு எங்கள் பக்கம்தான், கணினியின் தேதி மாறியிருந்தது என்றேன். "பேட்டரியா இருக்கும் சார்" என்றார் அவரும். அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். "இல்லை. உரிமம் முடிஞ்ச சாஃப்ட்வேரை ஓட்டறதுக்காக நாங்களே தள்ளி வச்சது" என்றேன்.

அவர் கோபப்படுவார், எங்களுக்குக் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்குவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராக நிமிர்ந்துகூட நின்றேன். அவர் சிரித்தார்.

"அட, இவ்வளவுதானா சார்! எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதானே. இதுக்குப் போய் இவ்வளவு வருத்தப்படறீங்களே. விடுங்க சார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பில் எங்களையும் ஊரில் உள்ள எல்லாரோடும் சேர்த்து ஒரு மூலையில் அடுக்கிவிட்டார். அப்பா காலம் தொட்டு நான் தூக்கிப் பிடித்ததெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்ததைக் கிழிச்சிடுங்க" என்றேன். "நான் அவங்ககிட்ட பேசணும்."

"நீங்க எதுக்கு சார் அவகிட்ட எல்லாம்..."

"பேசணும்."

அவர் இணைப்பை மாற்றிக் கொடுத்தார். பிறகு அந்தச் சின்னக் குரல் வந்தது. அழுது முடித்த மூக்கடைப்பு அதில் இருந்தது.

"சொல்லுங்க சார்."

"காலைல நீங்க கேட்டதுதான் சரிம்மா. தேதிதான் தப்பா இருந்தது. எங்க ஆபீஸ்ல வேணும்னே தப்பா வச்சிருந்தாங்க. நான் பார்க்காமயே உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

உள்ளே இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது என் முதுகுக்குத் தெரிந்தது. மகன் முன்னால் நான் இந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஏதோ மரியாதையாகப் பட்டது.

"படம் வந்து சேர்ந்துடுச்சு சார். கம்பி வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள். பிறகு, எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள்.

இல்லை என்றேன்.

உள்ளே வந்தேன். மகன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூடிக்கொண்ட சாஃப்ட்வேரின் முன்னால் உட்கார்ந்திருந்தான். வரைய வேண்டிய படங்கள் இன்னும் இருந்தன. உரிமம் வாங்கும்வரை ஒன்றும் வரைய முடியாது என்று படம் கேட்டிருந்த ஒவ்வொருவரிடமும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

"என்ன மாமா சொன்னாங்க?" என்றாள் மருமகள்.

"வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டாங்கம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் அப்போதும் முடியவில்லை.