கண்ணீர் வேந்தரின் கட்டில்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, காலை ஒன்பது மணிக்குப் படுத்தவளைப் பத்தரைக்கெல்லாம் புருஷன் உலுக்கினான்.

"ஏய், எந்திரிம்மா. டிவிக்காரங்க வந்துட்டாங்க."

"வரட்டுமே. ஹால்ல உக்கார வைங்க."

"ஹால் சரிப்படாதாம். கட்டில்தான் வேணுமாம்."

புருஷன் பாட்டு எழுதுகிறவன். ரசிகர்கள் 'கண்ணீர் வேந்தர்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். காதலி போனாள், தூக்கம் போனது. தூக்கம் போனது, தலையணை நனைந்தது. வேந்தரிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். அதையே புரட்டிப் புரட்டிப் போட்டு முப்பது பாட்டு தேற்றிவிட்டான். 'என் கட்டிலுக்கு வழி மறந்த உறக்கமே' என்ற பாட்டு சலூனில் ஓடியது, பல் பிடுங்குகிற இடத்தில்கூட ஓடியது. கேட்டவர்கள் எல்லாம் உருகினார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு எட்டு மணி நேரம் குறட்டை விடுகிறவர்கள்தான் அதிகமாக உருகினார்கள் என்று அவளுக்குத் தோன்றும். வேந்தருக்கு ஒன்பது மணி நேரம் வேண்டும்.

அந்த வீட்டில் உண்மையாகவே தூக்கம் இல்லாதவள் அவள் ஒருத்திதான். பகலெல்லாம் ரசிகர்கள், பாராட்டு, ஹார்மோனியம். போதாததற்கு, ஒரு வரிக்கு இரண்டு சொல் கிடைத்துவிட்டால் எது அதிக உருக்கம் என்று கேட்க அவளை எழுப்புவான். போன வாரம் அட்டை வெட்டும் மெஷின் முன்னால் அவளுக்குக் கண் சொக்கியது. பிளேடு நகத்தோடு விட்டது.

"அடுத்தது விரல்தான்மா. நல்லாத் தூங்கிட்டு வா, இல்லேன்னா வராதே" என்று சூப்பர்வைசர் நேற்றுதான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதை அவள் வீட்டில் சொன்னபோது, "நகமிழந்த விரலானேன்" என்று வேந்தர் நோட்டில் குறித்துக்கொண்டான்.

இப்போது திரைச்சீலைகளை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கினார்கள். வேந்தர் தூக்கமின்றிப் புரள வேண்டும், அதைப் படம்பிடிக்க வேண்டும். பேட்டி எடுக்க வந்த பெண் அவளைக் கூப்பிட்டாள்.

"மேடம், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? தலையணை நனைஞ்ச மாதிரி தெரியணும்."

அவளே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தலைச்சூடு ஆறாத தலையணையில் அதைத் தெளித்தார்கள்.

வேந்தர் இடப்பக்கம் புரண்டான். வலப்பக்கம் புரண்டான். நெற்றியில் கை வைத்தான். மூன்றாவது புரளலில் குறட்டை வந்தது.

கேமராக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பேட்டிப் பெண்ணுக்கோ கண் கலங்கிவிட்டது.

"ஐயோ பாவம், எத்தனை நாள் தூங்காம இருந்தாரோ! எழுப்பிடாதீங்க மேடம்."

அத்தனை பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடை நடந்து வெளியேறினார்கள். அவள் தூங்கும்போது அந்த வீட்டில் ஒருவர்கூட அப்படி நடந்ததில்லை.

அவள் கட்டிலுக்குப் போய் அவன் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, தள்ளிப் படுங்க. நான் தூங்கணும்."

வேந்தர் கண்ணைத் திறக்கவில்லை. "தொணதொணக்காதே. பன்னெண்டு மணிக்கு ரசிகருங்க வராங்க, டீ போட்டு வை."

சோகத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவளின் சோகம் கண்ணில் படும் என்று நம்பித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். அந்த நம்பிக்கையை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாயைப் பிளந்து கிடந்தவனைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

வேலைக்குப் போடுகிற உடுப்பையும் நாலு மாற்றுத் துணியையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். இரண்டு நிறுத்தம் தள்ளி அக்கா வீடு.

கதவைத் திறந்த அக்கா பையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி இது, பையும் கையுமா? எத்தனை நாளைக்கு?"

"மொதல்ல தூங்கிக்கிறேன்க்கா. எந்திரிச்சு யோசிச்சாலும் திரும்பிப் போவேன்னு தோணல."

அக்கா பாயை விரித்தாள்.