வீட்டில் பேசும் மொழி

நாங்கள் குடியேறிய நாட்டில் மகளைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவைத் திறந்ததும், நம்மைப் போலத் தமிழரான பள்ளி அலுவலக எழுத்தர் குரலைத் தாழ்த்தினார்.

“இங்கிலீஷ்னு போட்டுடுங்கக்கா. தமிழ்னு போட்டா பாப்பாவுக்குத் தனியா இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வைக்கட்டும் தம்பி, அவ ஊதித் தள்ளிடுவா. ஒரு கம்பெனிக்கு வர்ற புகார் போனை எடுக்குறதுதான் என் வேலை. எவனோ செஞ்ச தப்புக்கெல்லாம் நாள் முழுக்க இங்கிலீஷ்ல சாரி சொல்லிட்டு வர்றேன். வீட்டுக்குள்ள நான் யாருக்கும் சாரி சொல்றதில்ல. அங்க தமிழ்தான்.”

‘தமிழ்’ என்று அழுத்தி, பெரிதாக எழுதினேன்.

“எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிடுச்சேக்கா” என்றார்.

நான் சாரி சொல்லவில்லை.