சமதரையும் தேசிக்காயும்

கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகு ஜெயராணி ‘சமதரை’ என்ற சொல்லை யார் வாயிலும் கேட்டதில்லை. கொழும்பு முழுக்கவே சமதரைதான். அதற்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு?

அவள் பிறந்த மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அது ஒரே ஓர் இடத்தின் பெயர். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கீழே பாய் விரித்தாற்போல் கிடந்த அந்தத் துண்டு நிலத்தில்தான் கல்யாணப் பந்தல் போட்டார்கள், பாடையை இறக்கி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு முதலடியும் அங்கேதான். தரையில் ஒரு தேசிக்காயை, முழு எலுமிச்சையை, வைப்பார்கள். உருளாமல் நின்றால் பிள்ளையை இறக்கி விடுவார்கள். சரிவில் முதலடி வைத்த பிள்ளை ஓரிடத்தில் நிலைக்காது என்று நம்பினார்கள். ஜெயராணி, கேட்க ஆளில்லாத ஒரு பகலில், லயத்துச் சரிவில் எழுந்து நடந்தவள். பதினாறு வயதில் பஸ் ஏறினாள். இப்போது இருப்பது ஏழாவது வாடகை அறை.

போன மழையில் அந்தச் சமதரையும் மண்ணோடு இறங்கிப் போய்விட்டது. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலோரக் காலிமுகத்திடலில் மகள் டினுஷாவை இறக்கி விடுவதென்று முடிவு செய்தாள். ஜெயராணி வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் பக்கத்து வீட்டு மர்லியா.

“அதுவரைக்கும் கீழ விட்றாதீங்கக்கா.”

“பதினொரு மாசப் புள்ளய ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், இடுப்புலயே வெச்சிக்கிறதா? நல்ல கத.”

ஞாயிறு மூவரும் போனார்கள். புல்லில் வைத்த தேசிக்காய் அசையாமல் நின்றது. இறக்கி விட்ட டினுஷா தடுமாறவே இல்லை. ஆறடி நடந்து, திரும்பி வந்து, தேசிக்காயை எடுத்துக் கடித்து முகத்தைச் சுளித்தாள். முதலடி வைக்கிற பிள்ளை இப்படி நடக்காது. மர்லியா ஜெயராணியைப் பார்க்காமல் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப நடந்தாக்கா?”

“செவ்வாக்கெழம. சொன்னா அழுவீங்க என்டு சொல்லல்ல.”

“எங்க வச்சு?”

“எங்கட வீட்டு ஹோல்ல. கையப் பறிச்சிக்கிட்டு நிக்கிறாள், நான் என்ன செய்ற? ஒரு கையால அவளப் புடிச்சிட்டு, மத்தக் கையால தேசிக்காய வெச்சிப் பாத்தன்.”

“உருண்டுச்சா?”

“அசையல்ல.”

“அந்தக் காய் எங்கக்கா?”

“மீனுக்குப் புழிஞ்சிட்டன்.”

ஜெயராணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே தோட்டத்துக்கு, அம்மாவுக்கு, போன் எடுத்தாள்.

“புள்ள சமதரையிலதாம்மா நடந்தா.”

“எந்தச் சமதரைடி? அதுதான் போயிருச்சே.”

“மர்லியாக்கா வீட்டு ஹோல்.”



“காய் வெச்சுப் பாத்தாங்களா?”

“பாத்தாங்கம்மா.”

“அப்ப சரி” என்றாள் அம்மா.