ஜெரியின் குடும்பப் பெயர்

கரோலினுக்குப் பிடிபடவேயில்லை. கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கு ஸ்பானிஷில் அவள் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: அப்படி ஒருவர் எங்கள் பதிவேட்டில் இல்லை.

ஆனால் அவள் தம்பி ஜெரி அங்கேதான் இருந்தான். 1998 மார்ச்சில், சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில், வேலை பார்த்த கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து செத்தான். உடலை ராயபுரத்துக்குக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே கல்லறைத் தோட்டத்துச் சுவர் மாடமொன்றில் வைத்துப் பூசிவிட்டார்கள். ஐந்து ஆண்டுக்குள் உறவினர் எவரும் கேட்காவிட்டால் எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் கொட்டுவார்கள். அது அந்தத் தோட்டத்து விதி. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கேட்டு எழுதவென்றே அவள் அந்த மொழியைப் படித்தாள். பழைய புத்தகம் ஒன்றில் குடும்பத்துக்குத் தனிப்பாடமே இருந்தது. 'எர்மானோ' என்றால் சகோதரன். அண்ணனுக்கும் தம்பிக்கும் அதே சொல்தான். 'நாசியோ' என்றால் பிறந்தான். 'முரியோ' என்றால் இறந்தான். எழுதியதை ஐந்து முறை சரிபார்த்தாள். பிழையே இல்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா அம்புரோஸ் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னும் அதையே பாத்துகினு கீற?"

"அங்க ஆளுக்கு ரெண்டு குடும்பப் பேரு நைனா. அப்பா வயில ஒண்ணு, அம்மா வயில ஒண்ணு. நமக்கு ஏது? அதான் உன் பேரையும் அம்மா பேரையும் போட்டேன்."

"நமக்குக் கீறது ஒரே எயுத்து இனிஷியலு. அதுக்கா இவ்ளோ பேஜாரு?"

கரோலின் ஜெரியின் மாலுமி அடையாளப் புத்தக நகலை எடுத்தாள். அதில் இனிஷியலை ஒற்றை எழுத்தாக விடமாட்டார்கள்; விரித்து, முன்னால் போடுவார்கள். அம்புரோஸ் ஜெரி என்று இருந்தது. அங்குள்ள எழுத்தர் அதை எப்படிப் படித்திருப்பார்? முதலில் வருவது ஆளின் பெயர், அடுத்தது குடும்பத்தின் பெயர்.

அதை அப்பாவிடம் சொன்னாள்.

"அப்போ அங்க செத்தவன் பேரு அம்புரோஸா?"

"ஆமா நைனா."

"எயுது. நான் செத்துட்டேன்னே கேளு."

மறுநாளே பதில் வந்தது: மூன்றாம் சுவர், நூற்றுப் பதினெட்டாம் மாடம், வயது இருபத்தாறு, எவரும் தொடமாட்டார்கள். அப்பா பெயரை ஆளின் பெயராகவும், ஜெரி என்பதைக் குடும்பப் பெயராகவும் போட்டுக் கேட்டால் அவன் கிடைத்துவிடுகிறான்.